பேய்ப் படத்துல 5 லட்சம் போடலாமா? கதை சொல்றதுல இருந்து கேமரா ஓடறது வரைக்கும் பணம் போற பாதை

"மச்சி, ஹாரர் காமெடி. ஒரே பங்களா, ஆறு நடிகர்கள், 25 நாள் ஷூட்டிங். பேய்ப் படத்துக்கு என்னைக்குமே மார்க்கெட் இருக்கு. நீ ஒரு 5 லட்சம் போடு, இணைத் தயாரிப்பாளர்னு டைட்டில்ல உன் பேர் வரும். படம் வித்ததும் 8 லட்சமா திருப்பித் தர்றேன்."

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ மாசச் சம்பளம் வாங்கறவங்களா நீங்க? கூடப் படிச்சவன் ஒருத்தன் உதவி இயக்குநரா இருக்கானா? அப்படின்னா இந்த வசனம் உங்களைத் தேடி வர வாய்ப்பு அதிகம். பொதுவா நாம அப்ப கேக்கற கேள்வி, "கதை நல்லா இருக்கா?" அதுதான் தப்பான கேள்வின்னு நான் சொல்றேன். கதை நல்லாவே இருக்கலாம், படம் கூட சுமாரா ஓடலாம். அப்பவும் உங்க 5 லட்சம் முழுசா போகலாம். எப்படின்னு கீழே ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். அதுக்கு முன்னாடி இந்த வகைப் படம் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா செலவு ஒளிஞ்சிருக்கறது அங்கதான்.

பேய் ஏன் தயாரிப்பாளருக்குப் பிடிச்ச ஹீரோ ஆச்சு?

1993ல மலையாளத்துல வந்த மணிச்சித்ரதாழு, 2004ல கன்னடத்துல ஆப்தமித்ரா ஆகி, 2005ல தமிழ்ல சந்திரமுகி ஆச்சு. ஆனா அது ரஜினி படம், அதை வெச்சு சின்னத் தயாரிப்பாளர் யாரும் கணக்கு போட முடியாது. கணக்கை மாத்தினது ராகவா லாரன்ஸோட முனி (2007), அதுக்கப்புறம் காஞ்சனா (2011). 2014ல யாமிருக்க பயமே, அரண்மனை ரெண்டும் வந்துச்சு. அடுத்த வருஷம் தெலுங்கு பிரேம கதா சித்ரம் தமிழ்ல டார்லிங் ஆச்சு. அதுக்கப்புறம் கோடம்பாக்கத்துல காலியா இருந்த பங்களாவுக்கெல்லாம் வாடகை ஏறியிருக்கும்!

காரணம் சிம்பிள். பேயே ஹீரோங்கறதால பெரிய நடிகர் சம்பளம் வேண்டாம். பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்ள கதை முடிஞ்சுடும். குழந்தைங்க கூட்டிட்டுப் போகச் சொல்லுவாங்க, அதனால குடும்பமா வருவாங்க, ஒருத்தர் வந்தா நாலு டிக்கெட். வேற மொழிக்குப் போனாலும் பேய்க்கு விளக்கம் தேவையில்ல, அதனால ஹிந்தி டப்பிங், ரீமேக்னு தனி வருமானம். காஞ்சனாவையே எடுத்துக்கோங்க. ஒன்பது வருஷம் கழிச்சு, 2020ல, அக்‌ஷய் குமார் நடிச்சு லக்ஷ்மியா நேரடியா ஓடிடியில வந்துச்சு. ஒரு ஸ்கிரிப்ட், பல விற்பனை.

உங்க நண்பர் "என்னைக்கும் மார்க்கெட் இருக்கு"ன்னு சொல்றது இந்த வரலாற்றை வெச்சுத்தான். பாதி உண்மை. 2024ன் முதல் பாதியில தமிழ்ப் படங்கள் வரிசையா கவுந்தப்போ தியேட்டரை நிரப்பினது அரண்மனை 4. ஆனா அதுக்கு முந்தின வருஷம் வந்த சந்திரமுகி 2, அவ்வளவு பெரிய பேரை வெச்சுக்கிட்டும் எடுபடல. ஜானர் மட்டும் டிக்கெட் விக்காது.

ஒன் லைன்: இங்க செலவு டீ, காபி மட்டும்தான்

எல்லாப் படமும் ஒரு "ஒன் லைன்"ல ஆரம்பிக்குது. ஹாரர் காமெடிக்கு ஒன் லைன் பிடிக்கும்போது ஒரு கேள்விக்கு பதில் இருந்தே ஆகணும்: பேய் இருக்குன்னு தெரிஞ்சும் இவங்க ஏன் அந்த வீட்டை விட்டு ஓடல? இதுக்கு உறுதியான பதில் இல்லாத கதையில பயமும் வராது, சிரிப்பும் வராது.

நல்ல படங்கள்ல அந்த பதில் அடிக்கடி பணமா இருக்கறதுதான் வேடிக்கை. யாமிருக்க பயமேல கடன்ல மாட்டினவனுக்குச் சொத்தா கிடைச்ச பழைய பங்களா, அதை ரிசார்ட் ஆக்கிட்டான், விட்டுட்டு எங்க போவான்? டிடி ரிட்டர்ன்ஸ்ல (2023) பணம் பங்களாவுக்குள்ள மாட்டிக்குது, எடுக்கணும்னா பேயோட விளையாடியே ஆகணும். ஹவுஸிங் லோன் கட்டிட்டிருக்கற நமக்கு இது சொல்லாமலே புரியும். 2023ல மலையாளத்துல ரோமாஞ்சம் வந்துச்சு. பெங்களூர்ல ஒரே வீட்டுல கூட்டமா தங்கியிருந்த பேச்சிலர்ஸ், ஒரு ஓஜா போர்டு, அவ்வளவுதான். இயக்குநர் ஜித்து மாதவன் தன்னோட சொந்த அனுபவத்துல இருந்து எடுத்த கதை அது. பிரமாண்டம் எதுவும் இல்லாமலே பெரிய வெற்றி.

இந்தக் கட்டத்துல பணம்னு பெருசா ஒண்ணும் தேவையில்ல. டிஸ்கஷன் ரூம் வாடகை, நாலு பேர் சாப்பாடு, ஸ்கிரிப்டை எழுத்தாளர் சங்கத்துல பதிவு பண்ற கட்டணம். யாராவது ஒன் லைனை மட்டும் காட்டி 5 லட்சம் கேட்டா, அது படத்துக்கு இல்ல, அவரோட வீட்டு வாடகைக்கு. கொடுக்கறதுன்னா நண்பருக்கு உதவின்னு கொடுங்க. தப்பே இல்ல. முதலீடுன்னு மட்டும் பேர் வைக்காதீங்க.

ஸ்கிரிப்ட்ல தூங்கற செலவு

"ஒரே பங்களா, செலவே இல்ல"ன்னு சொல்றவரு கிட்ட கேக்க வேண்டியது, எத்தனை ராத்திரி சீன்?

பேய்க்கு ராத்திரிதான் டூட்டி. ராத்திரி ஷூட்டிங் நீண்டா யூனிட்டுக்கு ஒரு நாள் பேட்டா ஒன்றரை கால்ஷீட், ரெண்டு கால்ஷீட்னு எகிறும். ஜெனரேட்டர், பெரிய லைட், ராத்திரி சாப்பாடு, வண்டி. அதனாலதான் விவரம் தெரிஞ்ச டீம் வீட்டுக்குள்ள நடக்கற சீனுக்கெல்லாம் ஜன்னல்ல கறுப்புத் துணி கட்டி பகல்லயே எடுத்துடும். அப்படி எடுக்க முடியற மாதிரி ஸ்கிரிப்டை எழுதியிருக்கணும். தோட்டத்துல துரத்தற சீன் நாலு வெச்சுட்டு ஷூட்டிங் அன்னைக்கு யோசிச்சா முடியாது.

அடுத்தது காமெடி. நிறைய பேர் பேய்தான் செலவுன்னு நினைக்கறாங்க. என் பார்வையில இந்த ஜானர்ல பட்ஜெட்டை உடைக்கறது காமெடிதான். பயத்துக்கு ஒரு ஆளும் ஒரு கதவும் போதும். சிரிப்புக்கு ஆறு பேர் ஒரே ஃபிரேம்ல நிக்கணும், ஒருத்தன் கத்தினா இன்னொருத்தன் மயங்கி விழணும். இதைத்தான் "காம்பினேஷன்"னு சொல்லுவாங்க. அந்த ஆறு பேர்ல நாலு பேர் பிஸியான காமெடி நடிகர்கள், சில பேருக்கு சம்பளம் நாள் கணக்குல. ஒருத்தர் வேற படத்துக்குப் போயிட்டா மீதி அஞ்சு பேரும், யூனிட்டும், பங்களாவும் சும்மா இருக்கும், மீட்டர் ஓடிட்டே இருக்கும். 25 நாள் ஷூட்டிங் 40 நாள் ஆகறது பெரும்பாலும் பேயால இல்ல, தேதியால.

மூணாவது, ஷூட்டிங் முடிஞ்ச பிறகு வர்ற செலவு. பேய் மேக்கப்பை கிராஃபிக்ஸ்ல சரி பண்ணிக்கலாம், ரோப்பை அழிச்சுக்கலாம்னு செட்ல சுலபமா சொல்லிடுவாங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனி பில். அப்புறம் சவுண்ட், பின்னணி இசை. இந்த வகைப் படத்துல பயம் பாதி காதுலதான் இருக்கு, அங்க மிச்சம் பிடிச்சா படமே போச்சு. எடிட்டிங்லயும் அப்படித்தான். கதவு திறக்கறதுக்கு அரை நொடி முன்னாடி வெட்டினா சிரிப்பு, அரை நொடி பின்னாடி வெட்டினா கொட்டாவி.

இதையெல்லாம் எண்ணி எழுதற வேலைக்கு ஸ்கிரிப்ட் பிரேக்டவுன்னு பேர். ராத்திரி எத்தனை, காம்பினேஷன் எத்தனை, கிராஃபிக்ஸ் ஷாட் எத்தனை, ரோப் எத்தனை. இது தாள்ல இல்லாம "பட்ஜெட் 2 கோடி"ன்னு ஒருத்தர் சொன்னா, அந்த 2 கோடி ஒரு விருப்பம், அவ்வளவுதான்.

இப்ப கணக்குக்கு வருவோம்

சின்னப் படம் ஒண்ணு மூணு வழியில ஷூட்டிங் போகும். தயாரிப்பாளர் சொந்தக் காசு போடலாம். இல்லன்னா பெரிய கம்பெனி ஒண்ணு "ஃபர்ஸ்ட் காப்பி" அடிப்படையில இவ்வளவு தொகை, முடிச்ச படத்தைக் கொடுன்னு பேசலாம். அதுல செலவு எல்லை மீறினா எடுக்கறவர் தலையில. மூணாவது வழி ஃபைனான்ஸ். புதுசா வர்றவங்க பெரும்பாலும் நண்பர்கள் காசையும் ஃபைனான்ஸையும் கலந்து ஓட்டறாங்க. உங்க 5 லட்சம் வர்றது இங்கதான்.

ஒரு கற்பனைப் படம் எடுத்துக்கலாம். நம்பரெல்லாம் கணக்கு புரியறதுக்காக நானே வெச்சது. தயாரிப்புச் செலவு 2 கோடி. அதுல 1 கோடி நண்பர்கள் 20 பேர், ஆளுக்கு 5 லட்சம். மீதி 1 கோடி ஃபைனான்சியர், நூத்துக்கு மூணு வட்டி. வருஷத்துக்கு இல்ல, மாசத்துக்கு. முதல் நாள் ஷூட்டிங்ல இருந்து ரிலீஸ் வரைக்கும் 18 மாசம் ஆச்சுன்னா வட்டி மட்டும் 54 லட்சம். விளம்பரம், தியேட்டர்ல டிஜிட்டல்ல போடற கட்டணம், மத்த ரிலீஸ் செலவு எல்லாம் சேர்த்து 50 லட்சம்.

வருமானம்? டிக்கெட் 150 ரூபாய்னு வெச்சுக்கோங்க. ஜிஎஸ்டி, உள்ளாட்சி கேளிக்கை வரி போக சுமார் 120. தியேட்டர்காரர் பாதி எடுத்துப்பார், மிச்சம் 60. விநியோகஸ்தர் கமிஷன் போக தயாரிப்பாளர் கைக்கு 50 ரூபாய்னு எடுத்துப்போம். படம் 2 லட்சம் டிக்கெட் விக்குது. புதுமுகப் படத்துக்கு இது மோசமில்ல. கைக்கு வர்றது 1 கோடி. ஓடிடி, டிவி, டப்பிங், ஆடியோ எல்லாம் சேர்த்து இன்னொரு 1 கோடின்னு நல்லபடியாவே வைப்போம். மொத்தம் 2 கோடி.

ஃபைனான்சியருக்கு அசலும் வட்டியும் 1 கோடியே 54 லட்சம். ரிலீஸ் செலவு 50 லட்சம். ரெண்டும் சேர்ந்து 2 கோடியே 4 லட்சம். முடிஞ்சது. 2 லட்சம் பேர் பார்த்த படம், நண்பர்கள் 20 பேருக்கும் ஒரு பைசா கிடையாது, மேல 4 லட்சம் கடன்.

இதே படத்தை 9 மாசத்துல முடிச்சிருந்தா? வட்டி 27 லட்சம்தான். நண்பர்கள் பங்குக்கு 23 லட்சம் மிஞ்சும், உங்க 5 லட்சத்துக்கு 1 லட்சத்து 15 ஆயிரம் திரும்ப வரும். அப்பவும் நஷ்டம்தான், ஆனா கதையில ஒரு வரி கூட மாறாமலே வித்தியாசம் வந்துடுச்சு. காம்பினேஷன் தேதி தள்ளிப் போனதும், கிராஃபிக்ஸ் லேட் ஆனதும் இப்படித்தான் உங்க பாக்கெட்ல வந்து விழுது.

இன்னொண்ணு, யாருக்கு முதல்ல காசு போகும்ங்கறது. ஃபைனான்சியர் கிட்ட "லேப் லெட்டர்" இருக்கும். அவர் கணக்கு தீர்ந்துடுச்சுன்னு சொல்லாம படத்தை வெளியே விடக் கூடாதுங்கறதுக்கான கடிதம் அது. நெகட்டிவ் லேப்ல இருந்த காலத்துல வந்த பேரு, ஃபிலிம் போயும் பேரும் பழக்கமும் நிக்குது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்துன்னு அப்பப்போ செய்தி வருதே, பல நேரம் பின்னாடி நடக்கறது வியாழக்கிழமை ராத்திரிப் பஞ்சாயத்துதான். அந்த ரூம்ல ஃபைனான்சியர் இருப்பாரு, விநியோகஸ்தர் இருப்பாரு. டைட்டில்ல பேர் வர்ற இணைத் தயாரிப்பாளர் வீட்ல தூங்கிட்டு இருப்பாரு.

முன்னாடியெல்லாம் இந்த ரிஸ்க்கைக் குறைச்சது "டேபிள் பிராஃபிட்". ரிலீஸுக்கு முன்னாடியே உரிமைகளை வித்துப் போட்ட காசை எடுத்துடறது. இப்ப ஓடிடியும் டிவியும் சின்னப் படத்தை முன்கூட்டி வாங்கறது ரொம்பக் குறைஞ்சுடுச்சு, தியேட்டர்ல எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு விலை பேசறாங்க. ஹிந்தி டப்பிங் மார்க்கெட்டும் சுருங்கிடுச்சு. பழைய காஞ்சனா கணக்கை இன்னைக்குக் காட்டி யாராவது பேசினா, கவனமா இருங்க.

"ஜப்பான்ல ஒரு படம்..."னு கண்டிப்பா ஆரம்பிப்பாங்க. ஒன் கட் ஆஃப் தி டெட். ஜாம்பி காமெடி, சுமார் 30 லட்சம் யென்ல எடுத்து 300 கோடி யென்னுக்கு மேல வசூல். உண்மைதான், அருமையான படம், பாருங்க. ஆனா அது ஒரு நடிப்புப் பயிற்சிப் பட்டறையில இருந்து பிறந்த படம். ரெண்டு தியேட்டர்ல ஆரம்பிச்சு வாய்வழி விளம்பரத்துலயே பரவினது. அதே மாதிரி எடுத்து யாருமே பார்க்காத படங்களோட பேர் நமக்குத் தெரியாது, ஏன்னா அவங்களைப் பத்தி யாரும் பேசறதில்ல. மல்டிபேக்கர் பங்கு ஒண்ணைக் காட்டி டிப்ஸ் கொடுக்கறவங்களும் இதே வேலையைத்தான் செய்யறாங்க.

சரி, கொடுக்கவே கூடாதா?

நான் அப்படிச் சொல்லல. சினிமா மேல ஆசை இருக்கு, எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு, போனா போகட்டும்னு ஒரு தொகை இருக்குன்னா, தாராளமா. ஆனா 5 லட்சத்தை ஷூட்டிங்குக்குப் போடறதை விட 30 ஆயிரம், 40 ஆயிரத்தை ஒரு பைலட் சீனுக்குப் போடறது எனக்கு புத்திசாலித்தனமாத் தெரியுது. அஞ்சு நிமிஷ சீன் ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. இயக்குநரைத் தெரியாத பத்து பேரை உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுங்க. டிராமா படத்தை அஞ்சு நிமிஷத்துல எடை போட முடியாது. ஹாரர் காமெடியை முடியும். திடுக்கிட்டாங்களா, சிரிச்சாங்களா, ரெண்டுமே கண்ணுக்குத் தெரியும். நாளைய இயக்குநர் நிகழ்ச்சியில குறும்படம் எடுத்துக் காட்டினவங்கதான் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும், அப்புறம்தான் அவங்களுக்குப் பெரிய திரை வந்துச்சு. அந்தப் பாதை இன்னும் மலிவானது, யாரையும் கடனாளி ஆக்காதது.

பர்சனல் லோன் எடுத்துப் போடறது மட்டும் வேண்டவே வேண்டாம். 5 லட்சம், 14 சதவீதம், 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 11,600. மொத்தம் கட்டறது 7 லட்சத்துக்குப் பக்கம். படம் எடிட்டிங் டேபிள்ல இருக்கும்போதே உங்களுக்கு இஎம்ஐ ஆரம்பிச்சுடும், பேய்க்கு வர்ற மாதிரி பாதி ராத்திரிக்கு எல்லாம் இல்ல, சரியா மாசம் 5ஆம் தேதி. அப்புறம் வரி: படத் தொழில்ல வர்ற நஷ்டத்தை உங்க சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. "நஷ்டம்னாலும் டாக்ஸ்ல எடுத்துக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கடைசியா, எனக்கு நிஜமாவே பயம் தர்ற விஷயம் பணம் போறது இல்ல, கையெழுத்து. 5 லட்சம் கொடுத்தா அதிகபட்ச நஷ்டம் 5 லட்சம்னு நாம நினைக்கறோம். சாதாரண பார்ட்னர்ஷிப் ஃபர்ம்ல உங்களைப் பார்ட்னரா போட்டுட்டாங்கன்னா, அந்த ஃபர்ம் வாங்கின ஃபைனான்ஸ் கடனுக்கு உங்க சொந்தச் சொத்தும் பொறுப்பு. மேலே பார்த்த கற்பனைப் படத்துல அந்த 1 கோடியே 54 லட்சத்தை உங்க கிட்டயும் கேக்கலாம். ஃபைனான்சியர் கிட்ட "சும்மா ஒரு ஷ்யூரிட்டி"ன்னு போடற கையெழுத்தும், தேதி போடாம கொடுக்கற செக்கும் அப்படித்தான். செக் திரும்பினா அது கிரிமினல் வழக்கு. எல்எல்பியா இருந்தா பொறுப்பு பொதுவா நீங்க போட்ட தொகையோட நிக்கும், ஆனா ஷ்யூரிட்டி கையெழுத்து போட்டா அந்தப் பாதுகாப்பும் போச்சு. இதோட உங்க ஆபீஸ் அப்பாயிண்ட்மென்ட் லெட்டரையும் ஒருமுறை எடுத்துப் படிங்க. வெளியில தொழில் பண்ண அனுமதி வாங்கணும்னு பல கம்பெனிகள்ல இருக்கு, அரசு வேலைன்னா விதி இன்னும் கடுமை.

அதனால நண்பர் அடுத்த தடவை பங்களா கதையை ஆரம்பிக்கும்போது, கிளைமாக்ஸ் என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடி மூணு தாள் கேளுங்க: ஸ்கிரிப்ட் பிரேக்டவுன், ஃபைனான்ஸ் அக்ரிமென்ட், நீங்க கையெழுத்து போடப் போற பத்திரம். மூணாவதை ஒரு வக்கீல் கிட்டக் காட்டறதுக்கு ஆகற ஃபீஸ், அந்த 5 லட்சத்துல ஒரு சின்னத் துண்டுதான்.